பொட்டு இல்லாத டப்பா

மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு கிடங்கில் எனக்கு ஸ்டோர்கீப்பர் வேலை. அடுத்தவர் சரக்கைப் பத்திரமாக வைத்திருந்து, அவர்கள் கேட்கும்போது எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பதினாறு வருடங்களில் ஒரு அட்டைப்பெட்டிகூட என் கையால் காணாமல் போனதில்லை. முன்பெல்லாம் இதை யாராவது கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். இப்போது சொல்வதில்லை. என் கையால் ஒரு பொருள் போய்விட்டது. கிடங்கிலிருந்து அல்ல, என் வீட்டு அலமாரியிலிருந்து. அதைக் காத்து வைத்திருந்தவள் என் ஆறு வயது மகள்.

எங்கள் ஃபிளாட் நான்காவது மாடியில் இருக்கிறது. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் எங்கிருந்துதான் வந்து சேர்கிறதோ தெரியாது. பிறந்தநாள் விருந்துக்குப் போனால் கையில் ஒரு பையைக் கொடுத்து அனுப்புகிறார்கள், அதில் நான்கு. பாசார் மாலாமுக்கு, அதான் இரவுச் சந்தைக்கு, காய்கறி வாங்கப் போனால் பேட்டரி கார் ஒன்று. என் மனைவி பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். ரயிலை விட்டு இறங்கி வரும்போது அவள் கைப்பையிலும் ஏதாவது ஒன்று இருக்கும். வந்ததெல்லாம் வரவேற்பறைத் தரையில்தான் குடியிருந்தன.

ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்து, சாக்ஸைக் கழற்றிவிட்டு இரண்டடிதான் வைத்தேன். உள்ளங்காலில் ஒரு பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டை ஏறியது. எனக்கு முன்கோபம் உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. நான் கத்திய கத்தலில் மகன் அழுதான், எதிர்வீட்டு ஆன்டி கதவைத் திறந்து பார்த்தார். மனைவி மட்டும் அசையாமல் கேட்டாள்:

"கம்பெனியில பெரிய ஸ்டோர்கீப்பர்னு சொல்றீங்க. ஆயிரம் பெட்டிய அடுக்குறீங்க. இத அடுக்கிக் காட்டுங்க பாப்போம்."

சொன்னது சுருக்கென்று தைத்தது. அடுத்த சனி ஞாயிறு இரண்டு நாளும் நான் வெளியே போகவில்லை.

ஐந்து தட்டு வைத்த இரும்பு அலமாரி ஒன்றைச் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கினேன். பிள்ளைகள் ஏறினாலும் சாயக்கூடாது. கனமானவையும் மகனுடையவையும் கீழ்த்தட்டில், சின்னச் சின்னத் துண்டுகள் இருப்பவை அவன் கைக்கு எட்டாத மேல்தட்டில். டப்பாக்களுக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. தீபாவளி ஆகட்டும், நோன்புப் பெருநாள் ஆகட்டும், சீனப் பெருநாள் ஆகட்டும், இந்த ஊரில் பலகாரம் வருவது சிவப்பு மூடி போட்ட தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில்தான். தின்று முடித்தபின் அந்த டப்பாவை எறிகிற வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் சிங்க்குக்கு அடியில் மட்டும் பதினெட்டு இருந்தன. கார்கள் ஒன்றில், மிருகங்கள் ஒன்றில், மணிகள் ஒன்றில் என்று பிரித்துப் போட்டேன். மகனுக்குப் படிக்கத் தெரியாதே, அதனால் ஒவ்வொரு டப்பாவிலும் உள்ளே இருப்பதைப் படம் பிடித்து ஒட்டினேன்.

சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு டப்பா உள்ளே போனால்தான் இன்னொன்று வெளியே வரும். முதல் வாரம் அழுகை, இரண்டாவது வாரம் முணுமுணுப்பு, மூன்றாவது வாரம் மகன் தானாகவே காரை எல்லாம் பொறுக்கிப் போட்டு டப்பாவைத் தள்ளிக்கொண்டு போனான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் மனைவி அலமாரியைக் காட்டினாள். அது போதும் எனக்கு.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் எதையும் அந்த இடத்தில் நிறுத்துகிற ஆள் இல்லை.

கிடங்கில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு மாதமும் ஒரு நிறத்தில் சின்ன வட்ட ஸ்டிக்கர். அந்த மாதம் சரக்கைத் தொட்டால், தொட்ட பெட்டியில் அந்த நிறத்தை ஒட்டிவிட வேண்டும். மூன்று நிறம் மாறியும் ஸ்டிக்கர் ஒட்டப்படாத பெட்டி இருந்தால் அது டெட் ஸ்டாக். அதைப் பட்டியல் போட்டுச் சரக்கின் சொந்தக்காரருக்கு அனுப்புவோம். இதை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். விளையாட டப்பாவை எடுக்கும்போது அந்த மாத நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மகள் அதைப் பொட்டு என்றாள். "அப்பா, சமையல் டப்பாவுக்குப் பொட்டு வெச்சிட்டேன்" என்று தினமும் காலையில் சத்தம் வரும். சமையல் செட்டு இருந்த டப்பாவில் பொட்டு வைக்க இடமே இல்லாமல் போயிற்று.

தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்த வாரத்தில் கணக்கெடுத்தேன். மூன்று நிறம் மாறியும் பொட்டு இல்லாத டப்பாக்கள் நான்கு. உடைந்த ரோபோ, பாதி தொலைந்த புதிர்த் துண்டுகள், சத்தம் நின்றுபோன கிலுகிலுப்பைகள். நான்காவது டப்பாவில் இந்தியாவிலிருந்து வந்த மரச் சொப்புச் சாமான்கள். அதன் மூடியைச் சுற்றி ஒட்டிய டேப்பைக்கூட யாரும் பிரிக்கவில்லை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வாங்கிக் கொடுத்ததைத் திறந்துகூடப் பார்க்கவில்லையே இந்தப் பெண் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. யார் வாங்கிக் கொடுத்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

என் அக்கா கேரி தீவில் இருக்கிறார். அங்கே எஸ்டேட் மண்டபத்தில் நடக்கும் பாலர் பள்ளிக்கு அவர்தான் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் நான்கு டப்பாக்களையும் பையில் போட்டுக் கொடுத்தேன். மகள் அப்போது மனைவியோடு கடைக்குப் போயிருந்தாள். அக்காவுக்குச் சந்தோஷம். எனக்கு அவரைவிடச் சந்தோஷம். அலமாரியில் நான்கு இடம் காலியானதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

புதன்கிழமை மாலை நான் வீட்டுக்கு வந்தபோது மகள் அலமாரி முன்னால் நாற்காலி போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, டேப் ஒட்டின டப்பா எங்க?"

"அத்தகிட்ட குடுத்துட்டேன் லா. நீதான் அதுல வெளையாடவே இல்லியே."

"அது என்னோடது இல்லப்பா."

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். பக்கத்து வீட்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. அந்தச் சிறுமிக்கும் இவள் வயதுதான், இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள்போல் திரிவார்கள். அப்பாவின் வேலை பெர்மிட் முடிந்து, புதுப்பிக்கும்வரை இருந்து வரலாம் என்று அவர்கள் ஊருக்குப் போனார்கள். இரண்டு மாதம் என்று போனது எட்டு மாதம் ஆகிவிட்டது. போகும் அன்று அந்தச் சிறுமி இந்த டப்பாவை மகளிடம் கொடுத்து, "நான் வந்து வாங்கிக்கறேன், நீ தொறக்கக்கூடாது" என்று சொல்லியிருக்கிறாள். மகள் திறக்கவில்லை. எட்டு மாதம்.

"எனக்கு யாருமே சொல்லலியே" என்றேன். குற்றத்தைப் பாதியாவது வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று பார்த்தேன்.

"நீங்களும் அங்கதான்ப்பா இருந்தீங்க."

இருந்தேன்தான். அவர்கள் பெட்டிகளை எடை போட்டுக் கொடுத்ததே நான். விமானத்துக்கு எடை கூடிவிட்டது, எதையாவது குறையுங்கள் என்று சொன்னதும் நான்தான். என் பேச்சைக் கேட்டுத்தான் அந்தச் சிறுமியின் பெட்டியிலிருந்து டப்பா வெளியே வந்தது. வாசலில் இரண்டு பிள்ளைகள் பேசிக்கொண்டதை நான் காதில் வாங்கவில்லை, நான் கிலோ கணக்கில் இருந்தேன்.

"சனிக்கிழமை வராப்பா. அம்மா போன்ல அவளோட பேசினேன். டப்பா இருக்கான்னு கேட்டா. இருக்குன்னு சொல்லிட்டேன்."

அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழவில்லை. என்னை ஏதோ புதிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

எங்கள் கிடங்கில் டெட் ஸ்டாக் பட்டியல் போடுவதோடு என் வேலை முடிந்துவிடும். சொந்தக்காரரிடமிருந்து கடிதம் வராமல் ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டாது. சரக்கு அசையவில்லை என்றால் அதன் ஆள் இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். இதைப் புதிதாக வருகிற பையன்களுக்கு வருடம் முழுவதும் சொல்லிக் கொடுக்கிறவன் நான். வீட்டில் பட்டியலும் நானே போட்டேன், கடிதமும் நானே கொடுத்துக்கொண்டேன். என் மகள்தான் ஸ்டோர்கீப்பர்போல் நடந்திருக்கிறாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு கேரி தீவுக்குப் போனேன். அவள் மடியில் ஒரு பை இருந்தது. என்ன என்று கேட்டேன். ஒண்ணுமில்ல என்றாள். பாலத்தைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும்வரை அவள் அந்தப் பையை இறுக்கிப் பிடித்தபடியே வந்தாள்.

அக்கா எங்களைப் பார்த்ததும் சிரித்தார். விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருந்தேன்.

"சாமானெல்லாம் புள்ளைங்க கையில இருக்குடா. ஆனா டப்பாவ மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய், நேத்து சுட்ட அச்சு முறுக்கப் போட்டு வெச்சிட்டேனே! சிவப்பு மூடியப் பாத்தா எனக்கு வேற என்ன தோணும்?"

அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மண்டபத்தில் பாய் விரித்து ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மர ஆட்டுக்கல்லில் மணலை அரைத்துக்கொண்டிருந்தாள், நான்கு வயதிருக்கும். நான் போய்க் கேட்க வாய் திறந்தேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு, தானே போய் அந்தப் பிள்ளை முன்னால் குந்தினாள்.

"இது என் கூட்டாளியோடது. அவ நாளன்னிக்கி வரா. குடுக்கிறியா?"

அந்தப் பிள்ளை ஆட்டுக்கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டியது, மாட்டேன் என்று.

மகள் பையைத் திறந்தாள். உள்ளே சமையல் டப்பா. பொட்டுக்கு மேல் பொட்டாக ஒட்டி, உள்ளே இருப்பதே தெரியாமல் போன அவளுடைய டப்பா. பிளாஸ்டிக் அடுப்பு, முட்டை, கேரட், சின்னக் குவாலிச் சட்டி, எல்லாவற்றையும் பாயில் பரப்பினாள். "இதெல்லாம் நீங்க வெச்சுக்கோங்க. இது என்னோடதுதான்" என்றாள்.

பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். ஆட்டுக்கல் தரையில் தனியாகக் கிடந்தது. அதை அவள் எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அதை அக்கா பார்க்கக்கூடாது என்று நினைத்தேன்.

ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தோம். ஒரு குடம் ஜன்னல் திட்டில், இன்னொன்று மணலில், அம்மி ஒரு பிள்ளையின் புத்தகப்பையில். அக்கா வீட்டுக்குப் போய் டப்பாவை வாங்கிக் கழுவினோம். அச்சு முறுக்கு எண்ணெய் எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகவில்லை.

"எத்தனை சாமான் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தெரியாதுப்பா. நான் தொறக்கலியே. வெளிய இருந்து பாத்தா ஆட்டுக்கல்லு, அம்மி, அடுப்பு, ரெண்டு கொடம், ஒரு பானை, கரண்டி, மொறம். நடுவுல பச்சையா ஒண்ணு இருந்துச்சு. அது என்னன்னு தெரியாது."

எட்டு மாதம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். நடுவில் இருப்பது என்ன என்று தெரியாமலேயே வைத்திருந்திருக்கிறாள். நானாக இருந்தால் முதல் வாரமே டேப்பைப் பிரித்திருப்பேன்.

எட்டும் கிடைத்தன. பச்சை கிடைக்கவில்லை. மறுபடி மண்டபத்துக்குப் போய் அக்கா பாயை உதறினார், பெருக்கிய குப்பையைக் கொட்டிப் பார்த்தார். பிள்ளைகளைக் கேட்டார். யாருக்கும் பச்சையாக எதுவும் ஞாபகமில்லை.

திரும்பி வரும் வழியில் மனைவிக்குப் போன் போட்டேன். "பிரிக்பீல்ட்ஸ்ல சொப்பு சாமான் விக்கிற கடை இருக்கில்ல, பச்சையா ஏதாவது ஒண்ணு வாங்கிட்டு வந்துடு" என்றேன். டப்பாவுக்குள் நடுவில் வைத்து டேப்பை ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? மகள் பின்சீட்டிலிருந்து கேட்டாள்.

"என்ன பச்சைன்னே தெரியாது. எப்படிப்பா வாங்குவீங்க?"

மனைவி போனில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வாங்க வேணாங்க. நீங்களே அந்தப் புள்ளகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். இனிமேல் சுபாங் ஜெயாவில் வீடாம். அந்தச் சிறுமி வளர்ந்திருந்தாள், முன்பல் இரண்டு விழுந்திருந்தன. செருப்பைக் கழற்றியதும் முதலில் கேட்டது டப்பாவைத்தான். மகள் கொண்டு வந்து கொடுத்தாள். நாங்கள் டேப் ஒட்டவில்லை. அவள் மூடியைச் சுற்றித் தடவிப் பார்த்தாள், திறந்தாள், மூக்கைச் சுருக்கினாள்.

"முறுக்கு வாசம் வருது. நீ தொறந்தியா?"

மகள் என்னைப் பார்த்தாள். இரண்டு நாளாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு முழுவதும் மறந்துபோய்விட்டது.

"அவ தொறக்கலம்மா" என்றேன். தரையில் அவர்களோடு உட்கார்ந்தேன். "அங்கிள்தான். அவளைக் கேக்காம நான்தான் தூக்கி இன்னொரு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன். அவதான் போய்த் திருப்பிக் கொண்டு வந்தா. பச்சையா ஒண்ணு இருந்துச்சாம், அது மட்டும் கிடைக்கல. மன்னிச்சுக்கம்மா."

அந்தப் பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் பதறிப்போய், அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார்கள். அவர்கள் மன்னிப்பு எனக்கு வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிறுமி என் பக்கம் திரும்பவே இல்லை. மகளைத்தான் பார்த்தாள்.

"நீ தொறக்கலல்ல?"

"இல்ல."

"சரி. அது பானைக்கு மூடி." அவ்வளவுதான். மூடி இல்லாமலே சமைப்போம் என்று இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ப் பாட்டில் மூடி ஒன்று பானைமேல் ஏறியது. போகும்போது அந்தச் சிறுமி டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டே காரில் ஏறினாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மகளும் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். தீபாவளிக்குப் பிறகு அடுத்த மாதம் பிறந்தது. மஞ்சள் பொட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுந்து வந்தபோது அவள் ஸ்டிக்கர் தாளோடு அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கீழ்த்தட்டிலிருந்து தொடங்கி எல்லா டப்பாவிலும் ஒட்டிக்கொண்டு வந்தாள். தொடவே தொடாத டப்பாவிலும் ஒன்று.

"எல்லாத்துலயும் வெளையாடப் போறியா?"

"இல்லப்பா. பொட்டு இருந்தா நீங்க குடுக்க மாட்டீங்கல்ல?"

அலமாரி முடிந்ததும் சோபாவில் அம்மாவின் கைப்பைமேல் ஒன்று ஒட்டினாள். வாசலில் கழற்றி வைத்திருந்த தன் பள்ளிக்கூடச் சப்பாத்தில் ஒன்று. பிறகு கார் ஓட்டிக்கொண்டிருந்த தம்பியைப் பிடித்து நிறுத்தி, அவன் நெற்றியில் அழுத்தமாக ஒன்று ஒட்டினாள். அவனுக்கு ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. குனிந்து என் நெற்றியை நீட்டினேன்.

"அப்பாவுக்கு?"

அவள் கையில் ஒரு பொட்டு மிச்சம் இருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை, யோசித்துத்தான் சொன்னாள்.

"உங்களுக்கு வேணாம்ப்பா. நீங்கதானே தூக்கிக் குடுக்கிற ஆளு."